ஸ்பிரூ புஷ்ஷில் தண்டு சிக்குகிறது, நொசில் வாயில் கசிகிறது: எதை மாற்றுவது?

கொட்பே வலையூசி எழுதியது:

வணக்கம். திருகோணமலையில் சிறிய அளவில் பிளாஸ்டிக் வார்ப்பு வேலை செய்து வருகிறோம். கொட்பே, கிண்ணியா, மூதூர்ப் பக்கத்து மீனவர்கள் வலை முடைவதற்கும் பொத்துவதற்கும் பயன்படுத்தும் ஊசிகளை நைலோன் 6 இல் வார்த்துக் கொடுப்பதுதான் எங்கள் முதன்மையான வேலை. அண்மையில் நான்கு குழிகள் கொண்ட அச்சு ஒன்றைப் பழையதாக வாங்கினோம். அச்சின் உட்புறம் நன்றாகவே இருக்கிறது. ஊசியின் நாக்கு மெல்லியதாகவும் நேராகவும் வருகிறது, ஓரங்களில் பிசிறும் இல்லை. தொல்லை முழுவதும் நொசிலும் (உருகிய பிளாஸ்டிக்கை வெளிவிடும் இயந்திர முனை) ஸ்பிரூ புஷ்ஷும் (அதை அச்சுக்குள் வாங்கும் துளையிட்ட உருக்குப் பாகம்) சந்திக்கும் இடத்தில்தான்.

அச்சுத் திறக்கும்போது ஊசிகளும், குழிகளுக்குப் பிரியும் வழியில் உறையும் ரன்னரும் நகரும் பக்கத்தோடு வந்துவிடுகின்றன. ஸ்பிரூ, அதாவது புஷ்ஷின் துளையில் உறையும் தண்டு, மட்டும் அடியில் ஒடிந்து புஷ்ஷுக்குள்ளேயே நின்றுவிடுகிறது. நொசிலைப் பின்னுக்கு இழுத்துப் பித்தளைக் கம்பியால் தட்டி எடுத்தால், ஸ்பிரூவின் தலையில் சட்டைப் பொத்தானைப் போல ஒரு மெல்லிய வட்டத் தகடு ஒட்டிக்கொண்டு வருகிறது. நொசிலின் வெப்பநிலையைக் கூட்டினால் வாயிலிருந்து நைலோன் ஒழுகுகிறது. குறைத்தால் அடுத்த ஷொட்டுக்கு (ஒரு தடவை செலுத்தும் பிளாஸ்டிக்) முன்பே உறைந்து அடைத்துக்கொள்கிறது. மாரி தொடங்கிய பின் ஒழுகல் இன்னும் கூடியிருக்கிறது.

அளந்தவற்றைத் தருகிறேன். புஷ்ஷின் தலையில் எஸ்ஆர் 11 (கோள ஆரை 11 மி.மீ.) என்று பொறிக்கப்பட்டுள்ளது; கோளக் குழியின் வாய் விட்டம் 16 மி.மீ., துளையின் நுழைவாய் 3.5 மி.மீ., துளையின் நீளம் 65 மி.மீ., ரன்னரைச் சேரும் இடத்தில் விட்டம் 5.3 மி.மீ. எங்கள் இயந்திரத்தின் நொசில் முனை அரை அங்குல ஆரை கொண்டது, அதாவது 12.7 மி.மீ.; அதன் துளை 4 மி.மீ. ரன்னரும் சேர்த்து ஒரு ஷொட் ஏறத்தாழ 25 கிராம் வருகிறது. புதிய புஷ் கடைவதானால் ஆரை, துளை, டேப்பர் (துளை விரியும் சாய்வு) ஆகியவற்றை எவ்வளவு வைக்க வேண்டும், எந்த உருக்கு ஏற்றது, நைலோனுக்கென்று நொசிலில் ஏதும் மாற்ற வேண்டுமா என்பவற்றை அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

உப்புவெளிப் பட்டறை எழுதியது:

தம்பி, அளவுகளை இவ்வளவு தெளிவாகத் தந்ததால் பாதி வேலை முடிந்துவிட்டது. உங்கள் அச்சில் ஒன்றையொன்று மறைக்கும் இரண்டு பொருத்தக் கோளாறுகள் இருக்கின்றன. ஒன்றை மட்டும் திருத்தினால் மற்றது தொடர்ந்து தொல்லை தரும்.

முதலாவது ஆரை. நொசிலின் ஆரை எப்போதும் புஷ்ஷின் ஆரையைவிடச் சற்றுக் குறைவாக இருக்க வேண்டும். அரை முதல் ஒரு மில்லிமீற்றர் வரையான வித்தியாசம் போதும். அப்படி இருந்தால் நொசில் துளையைச் சுற்றியுள்ள சிறிய வளையத்தில் மட்டும் தொட்டு அடைக்கும். எஸ்ஆர் 11 என்ற உங்கள் புஷ் 10 மி.மீ. ஆரை கொண்ட நொசிலுக்காகச் செய்யப்பட்டது. அதன் மேல் 12.7 மி.மீ. நொசிலைக் கொண்டுபோய் முட்டினால், அது குழியின் வெளி விளிம்பில் தொட்டுக்கொண்டு நடுவில் வெளி விட்டுவிடும். உங்கள் அளவுகளை வைத்துக் கணக்குப் போட்டேன்: 16 மி.மீ. வாயில் புஷ்ஷின் குழி 3.45 மி.மீ. ஆழம், நொசில் அதற்குள் 2.84 மி.மீ. மட்டுமே இறங்கும். எஞ்சுவது 0.6 மி.மீ. இடைவெளி. தலையில் வரும் அந்தத் தகட்டின் நடுத் தடிப்பை வேர்னியரால் அளந்து பாருங்கள், இதற்கு மிக அண்மையில் நிற்கும்.

இது வெறும் கழிவு என்று விட்டுவிடக் கூடாது. உருகிய பிளாஸ்டிக் அந்த இடைவெளியில் பரவியதும் அமுக்கம் முழு 16 மி.மீ. வட்டத்திலும் செயற்படுகிறது. ஊசியேற்றும் அமுக்கம் சதுர மில்லிமீற்றருக்கு 80 நியூற்றன் என்று கொண்டால், நொசிலைப் பின்னே தள்ளும் விசை 1.6 தொன்னுக்கு மேல் வருகிறது. துளையின் வாயருகே, 4 மி.மீ. வட்டத்தில் தொட்டிருந்தால் அதே அமுக்கத்தில் ஏறத்தாழ 100 கிலோ விசைதான் வரும். நொசிலை முன்னே அழுத்தும் சிலிண்டர் பழையதாக இருந்தால் இந்தச் சுமையில் ஒவ்வொரு ஷொட்டுக்கும் சிறிது பின்வாங்கும், உடனே கசிவும் தொடங்கும். சிலிண்டரின் அமுக்கத்தைக் கூட்டிக் கசிவை நிறுத்தப் பார்ப்பவர்கள் உண்டு. அதனால் புஷ்ஷின் விளிம்புதான் நசுங்கும்.

இரண்டாவது துளை. நொசிலின் துளை 4, புஷ்ஷின் நுழைவாய் 3.5. இது தலைகீழ். புஷ்ஷின் வாய் நொசில் துளையைவிட 0.5 முதல் 1 மி.மீ. வரை பெரிதாக இருந்தால்தான் ஸ்பிரூ தடையின்றி உருவி வரும். இங்கே நொசிலுக்குள் உறைந்த தடித்த பகுதி புஷ்ஷின் குறுகிய வாயில் ஒரு தலையாக நின்று இழுக்க விடாமல் பிடிக்கிறது. அந்தத் தகடும் சேர்ந்துகொண்டால் கேட்கவே வேண்டாம். நைலோன் குளிரும்போது ஒரு சதவீதத்துக்கு மேல் சுருங்கும். ஸ்பிரூ சுவரைவிட்டுத் தானாகவே விலகும் இயல்புடையது. அப்படிப்பட்ட பொருளே சிக்குகிறதென்றால், குளிர்விப்பையோ, நிரப்பிய பின் தரும் தாங்கு அமுக்கத்தையோ குறை சொல்வதற்கு முன் ஏதோவோர் இடத்தில் கொக்கி இருக்கிறதா என்றுதான் தேட வேண்டும்.

ஆகவே என் கருத்தில் புஷ்ஷை இப்போதைக்குத் தொட வேண்டாம். 10 மி.மீ. ஆரையும் 3 மி.மீ. துளையும் கொண்ட புதிய நொசில் முனையைக் கடையுங்கள். மரையில் கழற்றி மாட்டும் பாகம். பதப்படுத்திய புஷ்ஷோடு போராடுவதைவிட அது எவ்வளவோ இலகு.

கிண்ணியா லேத் எழுதியது:

ஐயா சொன்ன காரணங்களோடு முழுமையாக உடன்படுகிறேன்; தீர்வில் மட்டும் வேறுபடுகிறேன். ஓர் அச்சுக்காக இயந்திரத்தின் நொசிலை மாற்றினால் பட்டறையில் உள்ள மற்ற அச்சுகள் என்னாவது? அவை அரை அங்குல நொசிலுக்கென்று 13.2 அல்லது 13.5 மி.மீ. ஆரையில் இருந்தால், ஒவ்வொரு முறை அச்சு மாற்றும்போதும் நொசிலையும் சூடாகக் கழற்றிப் பூட்ட வேண்டிவரும். எந்த முனை பூட்டியிருக்கிறது என்பதை இரவு வேலைக்காரர் மறந்தால் பழைய கதைதான். இயந்திரத்துக்கு ஒரே ஆரை என்று வைத்து, உள்ளே வரும் அச்சுகளை அதற்கேற்பத் திருத்துவதே ஒழுங்கு.

புஷ்ஷைத் திருத்துவதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. 11 மி.மீ. குழியை 13.5 ஆக்குவதற்கு வாயை மட்டும் அகட்டினால் போதாது. இப்போதைய குழியின் அடிவரை புதிய ஆரை இறங்க வேண்டும். அதே 3.45 மி.மீ. ஆழத்தில் 13.5 ஆரையைக் கடைந்தால் குழியின் வாய் 18 மி.மீ. வரை விரியும். தலையின் விட்டம் அதற்கு இடங்கொடுக்குமா, அச்சை இயந்திரத்தில் மையப்படுத்தும் லொக்கேற்றிங் ரிங்கின் உள்விட்டத்துக்குள் நொசில் தாராளமாக நுழையுமா என்பவற்றை முதலில் பார்க்க வேண்டும். பதப்படுத்திய உருக்கானதால் சாதாரண வெட்டுளி ஏறாது. கார்பைட் முனையோடு மெதுவாக எடுக்கலாம், அல்லது உருண்டைக் கல்லால் அரைக்கலாம்.

துளையையும் 4.8 மி.மீ. ஆக அகட்டி, நீளம் முழுவதும் புதிய டேப்பர் ஓட்டிவிடலாம். இப்போதுள்ள டேப்பர் போதவே போதாது: 65 மி.மீ. நீளத்தில் 1.8 மி.மீ. வளர்ச்சி என்றால் முழுக்கோணம் 1.6 பாகைதான். 2 முதல் 4 பாகை வரை வைப்பதே வழக்கம். அமெரிக்க அளவில் அடிக்கு அரை அங்குலம் என்பார்கள். அது ஏறத்தாழ 2.4 பாகை.

கொட்பே வலையூசி எழுதியது:

இருவருக்கும் நன்றி. தகட்டை அளந்தேன், நடுவில் 0.6 மி.மீ.க்குச் சற்று மேலாகவும் ஓரத்தை நோக்கிச் செல்லச் செல்ல மெலிந்தும் இருக்கிறது. நொசில் முனையில் நீலச் சாயம் தடவிக் குளிர்ந்த நிலையில் மெதுவாக முட்டிப் பார்த்ததில், புஷ்ஷின் வெளி விளிம்பில் ஒரு பக்கம் மட்டும் பிறை வடிவில் சாயம் படிந்தது, மறுபக்கத்தில் ஒன்றுமில்லை. எங்களிடமுள்ள மற்ற அச்சுகளில் புஷ்ஷின் ஆரை 13.5 மி.மீ.

பட்டறையில் வெப்பப்பதனிடும் உலை இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். நைலோனை இப்போது தட்டு அடுக்கிய சூடான காற்றுப் பெட்டியில் 80 பாகையில் உலர்த்துகிறோம். நொசிலில் ஒரு ஹீற்றர் பாண்ட் (சூடேற்றும் பட்டை) இருக்கிறது. வெப்பநிலையை அறியும் தெர்மோகப்பிள் முனையிலிருந்து தள்ளி, நைலோனை உருக்கும் பீப்பாயோடு சேரும் பக்கமாகப் பொருத்தப்பட்டுள்ளது.

சீனக்குடா செற்றர் எழுதியது:

சாயம் பிறையாகப் படிந்தது என்ற செய்தியை யாரும் விட்டுவிடக் கூடாது. நொசிலும் புஷ்ஷும் ஒரே அச்சுக்கோட்டில் இல்லை என்பதே அதன் பொருள். முனையைப் புதிதாகக் கடைந்தாலும் புஷ்ஷைக் கடைந்தாலும் நொசில் கோணலாக வந்து முட்டினால் ஒரு பக்கம் கசியத்தான் செய்யும். லொக்கேற்றிங் ரிங் இயந்திரப் பிளேற்றின் துளையில் தளர்வாக நிற்கிறதா என்று முதலில் பாருங்கள். அது சரியாக இருந்தால் ஊசியேற்றும் அலகின் உயரத்தையும் பக்கவாட்டையும் சரிசெய்யும் திருகுகளைக் கொண்டு மையப்படுத்துங்கள். கார்பன் தாளோடு ஒரு வெள்ளைத் தாளை வைத்து, மிகக் குறைந்த அமுக்கத்தில் நொசிலை முட்டி, வட்டம் முழுதாகப் பதியும்வரை திருத்த வேண்டும். பீப்பாய் சூடேறும்போது நீளும், தன் நிறையால் சற்றுத் தாழவும் கூடும். ஆகவே குளிர்ந்த நிலையில் பார்த்ததைச் சூடான பின் இன்னொரு முறை பார்த்துக்கொள்வது நல்லது.

இனி நைலோன். நைலோன் 6 ஏறத்தாழ 220 பாகை செல்சியஸில் உருகும். உருகிய பின் தண்ணீரைப் போல் இளகி ஓடும். அந்த வெப்பநிலைக்குச் சற்றுக் கீழே வந்ததும் சட்டென்று கெட்டியாகிவிடும். பொலிப்புரொப்பிலீனில் கிடைக்கும் சலுகை இதில் கிடைக்காது. இதனால்தான் ஒழுகலுக்கும் உறைவுக்கும் நடுவே நீங்கள் அல்லாடுகிறீர்கள். சாதாரண நொசிலில் இந்த இடுக்கைவிட்டு வெளியே வருவது கடினம். நைலோனுக்கென்று எதிர்-டேப்பர் முனை உண்டு: உள்ளே ஓரிடத்தில் துளை மிகக் குறுகி, அங்கிருந்து வாயை நோக்கி மெல்ல விரியும். ஸ்பிரூ இழுபடும்போது, குறுகிய கழுத்தில் அறுந்து, வாய்ப்பகுதியில் உறைந்த சிறு கட்டி ஸ்பிரூவோடு வெளியே வந்துவிடும். அடுத்த ஷொட்டுக்கு வழி திறந்திருக்கும்.

இங்கே ஒரு கவனம். எதிர்-டேப்பர் முனையில், புஷ்ஷோடு ஒப்பிட வேண்டியது உள்ளே இருக்கும் கழுத்தின் விட்டத்தை அன்று, விரிந்த வாயின் விட்டத்தை. கழுத்து 2.5, வாய் 3 மி.மீ. என்று கடைந்தால் உங்கள் 3.5 மி.மீ. புஷ்ஷுக்குச் சரியாகப் பொருந்தும். வாயை 4 ஆக விரித்துவிட்டால் மறுபடியும் அதே கொக்கிதான்.

துளை சிறுத்தால் நைலோன் உராய்வில் கருகாதா என்று கேட்பீர்கள். 25 கிராம் ஷொட்டை உருகிய நிலையில் ஏறத்தாழ 25 கன சென்ரிமீற்றர் என்று கொண்டு, ஒரு வினாடியில் நிரப்பினால், 3 மி.மீ. துளையில் வெட்டு வீதம் (பாயும் அடுக்குகள் ஒன்றின் மேலொன்று வழுக்கும் வேகம்) வினாடிக்கு 9,400 அளவில் வரும், 2.5 மி.மீ. கழுத்தில் 16,000ஐ ஒட்டி வரும். நைலோனுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் எல்லை 60,000. பயப்பட வேண்டியதில்லை. பிவிசி வார்ப்பவர்கள் மட்டும் இந்தக் கணக்கைத் தங்கள் வேலைக்கு எடுத்துச் செல்ல வேண்டாம். அதற்கு அகன்ற, மூலைமுடுக்கு இல்லாத நேர் துளை வேண்டும், தேங்கி நின்றால் சிதைந்து ஐதரோகுளோரிக் அமிலத்தை விட்டு உருக்கையே அரித்துவிடும்.

தெர்மோகப்பிள் பின்னால் இருப்பதால் இயந்திரம் காட்டும் எண் நொசில் முனையின் வெப்பநிலை அன்று. முனையோ குளிர்ந்த புஷ்ஷில் முட்டிக்கொண்டு ஒவ்வொரு சுற்றிலும் வெப்பத்தை இழக்கிறது. தெர்மோகப்பிளை முனைக்கு அருகே கொண்டுவந்து, ஹீற்றர் பாண்டும் இயன்றவரை முன்னே மூடுமாறு செய்த பின், 240 பாகையில் தொடங்கி ஐந்து ஐந்து பாகையாக நகர்த்திப் பாருங்கள்.

ஒழுகலுக்கு மாரியும் காரணம்தான். நைலோன் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஈரத்தோடு பீப்பாய்க்குள் போனால் ஆவி உள்ளிருந்து தள்ளும், நைலோனின் பாகுத்தன்மையும் குறையும். ஈரம் 0.2 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். உங்கள் பெட்டி வெளிக்காற்றை அப்படியே இழுத்துச் சூடாக்குகிறது. வாடைக்காற்றுக் காலத்தில் இந்த ஊரில் அந்தக் காற்றே ஈரமாக இருக்கும்போது 80 பாகையில் வைத்தும் பயன் குறைவு. காற்றின் ஈரத்தை உறிஞ்சும் பொருளைக் கொண்ட டிரையர் வாங்க வசதி வரும்வரை, மூடி திறந்த பையை அன்றே முடிக்கவும், ஹொப்பரில் ஒரு மணி நேரத்துக்குத் தேவையானதை மட்டும் போட்டு மூடி வைக்கவும். பீப்பாய்க்குள் திருகு சுழன்று அடுத்த ஷொட்டைச் சேர்த்து முடித்ததும் அதை இரண்டு மூன்று மில்லிமீற்றர் பின்னிழுப்பது ஒழுகலைத் தணிக்கும். அதற்கு மேல் இழுத்தால் காற்று உள்ளே போய் ஊசியில் வெள்ளிக் கோடுகள் விழும். ஒவ்வொரு சுற்றிலும் நொசிலைப் பின்வாங்கச் செய்தால், ஒழுகிய துளி புஷ்ஷின் குழியில் உறைந்து, அடுத்த தடவை நொசில் அதன் மேல்தான் உட்காரும் என்பதையும் மனதில் வையுங்கள்.

இறுதியாக, நொசில் அடைத்திருக்கும்போது ஊழியர் அதன் வாய்க்கு நேரே முகத்தை வைத்துப் பார்க்கக் கூடாது. உள்ளே அடைபட்ட ஆவி கட்டியைத் துப்பினால் உருகிய நைலோன் முகத்தில்தான் படும்.

உப்புவெளிப் பட்டறை எழுதியது:

சீனக்குடாத் தம்பி சொன்ன எதிர்-டேப்பர் முனையையே 10 மி.மீ. ஆரையில் கடையுங்கள். கிண்ணியாத் தம்பியின் கவலை நியாயமானது. ஆனால் 10 மி.மீ. ஆரை நொசில் 13.5 மி.மீ. குழியிலும் துளையருகேதான் தொடும், கசியாது. தொடும் வளையம் ஒடுங்குவதால் காலப்போக்கில் புஷ்ஷில் தடம் விழலாம், கோணலைச் சற்றும் பொறுக்காது, அவ்வளவே. பெரிய ஷொட் வேண்டிய அச்சுகளுக்கு 2.5 மி.மீ. கழுத்து போதாது என்பது வேறு விடயம். அவற்றுக்குப் பழைய முனை இருக்கட்டும், இரண்டு முனைகளின் பக்கத்திலும் ஆரையையும் துளையையும் எண்ணாகப் பொறித்துவிடுங்கள்.

துளையை 4.8 ஆக அகட்டுவதை மட்டும் நான் ஏற்கவில்லை. 2.4 பாகையில் அது ரன்னர்ப் பக்கம் 7.5 மி.மீ. ஆகும். குளிரும் நேரம் விட்டத்தின் வர்க்கத்தோடு வளர்வதால், இப்போதைய 5.3 மி.மீ. ஸ்பிரூவைவிட இரண்டு மடங்கு நேரம் பிடிக்கும். ஊசியோ மெல்லியது, முன்பே உறைந்துவிடும். பிறகு ஒரு கழிவுத் தண்டு குளிர்வதற்காக இயந்திரம் காத்து நிற்க வேண்டும். 3.5 மி.மீ. வாயை அப்படியே வைத்து 2.4 பாகை ஓட்டினால் அடியில் 6.2 மி.மீ.தான் வரும். ஸ்பிரூ முழுவதும் உறைய வேண்டியதில்லை, இழுவிசையைத் தாங்கும் அளவுக்கு இறுகினால் போதும்.

டேப்பர் ஓட்டிய பின் மெருகிடும் திசையில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். லேத்தில் சுழற்றியே எமரித் தாள் பிடித்தால் உள்ளே வளையம் வளையமாகக் கீறல் விழும். ஒவ்வொன்றும் ஸ்பிரூவுக்கு ஒரு சிறு பிடி. அதே டேப்பரில் கடைந்த மரக்குச்சியில் பசையைப் பூசி, துளையின் நீளவாக்கில் முன்னும் பின்னும் இழுத்து, கடைசியில் வைரப் பசையால் முடிக்க வேண்டும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தால் குறுக்குக் கோடு ஒன்றும் தெரியக் கூடாது. பித்தளைக் கம்பி சரி. இரும்புக் கம்பி எடுத்தவரின் கையிலிருந்து அதைப் பிடுங்கி வையுங்கள்.

நகரும் பக்கத்தில் ஸ்பிரூவுக்கு நேரெதிரே உள்ள இழுப்பு ஊசியையும் ஒருமுறை கழற்றிப் பாருங்கள். அதன் இசட் வடிவக் கொக்கி மழுங்கியிருந்தால், ஒடிவதற்கு அதுவும் ஒரு காரணம்.

புதிய புஷ்தான் செய்வதென்று பின்னர் முடிவெடுத்தால் எச்13 உருக்கை எடுங்கள், 1.2344 என்று கேட்டாலும் அதுவே. அரைப்பதற்கு இடம் விட்டுக் கடைந்து, வெளியே அனுப்பி ரொக்வெல் சி 48 முதல் 52 வரை பதப்படுத்திய பின் குழியையும் துளையையும் முடிக்க வேண்டும். நொசில் முனை அதைவிட மென்மையான உருக்கில் இருக்கட்டும். தேய்வதானால் மலிவான பாகம் தேயட்டும். நொசில் முட்டும் விசை முழுவதையும் தலையின் தோள்தான் தாங்குகிறது, ஆகவே தோளை மெல்லியதாக வைக்காதீர்கள். புஷ்ஷின் முகத்தில் ரன்னர் வெட்டப்பட்டிருப்பதால் அங்கே பிளாஸ்டிக் பின்னோக்கியும் தள்ளும். தலையை லொக்கேற்றிங் ரிங் மேலிருந்து இறுக்கிப் பிடிக்க வேண்டும், சுழலாமல் இருக்கத் தலையில் ஒரு தடுப்பு ஆணியும் வேண்டும். அந்த ஆணி இல்லாத புஷ் சிறிது திரும்பினாலும் ரன்னர் வாய் ஒன்றோடொன்று பொருந்தாமல், நான்கு குழிகளில் இரண்டு நிரம்பி இரண்டு குறைபடும்.

அச்சை இறக்கி வைக்கும்போது துளைக்குள் துருத்தடுப்பு எண்ணெய் விட்டு, இரு வாயையும் அடைத்து வையுங்கள். கடற்காற்றுப் படும் பட்டறையில் சும்மா கிடந்த புஷ்ஷில் துரு குத்திய புள்ளிகள் விழும். அவற்றை எடுக்க மறுபடியும் மரக்குச்சியும் வைரப் பசையும்தான்.